சீல் விற்க மறுத்தவர்

துறைமுகத்தடிக் கடைவரிசையில் அது கடைசிக் கடை. நான் முதன்முதலாக உள்ளே ஏறிய அன்று, எனக்கு முன்னால் மூதூர்ப் படகுக்கார நானா ஒருவர் நின்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

“வொசரக்கா, ஒரு சீல்தானே கேக்கிறன். உங்கட காணி உறுதியையா கேட்டன்?”

“எங்க ஒழுகுது?”

“எஞ்சினிலதான்.”

“எஞ்சின் எண்டு சொல்லுறது திருகோணமலை எண்டு சொல்லுற மாதிரி. எந்தத் தெரு, எத்தினையாம் நம்பர்?”

“கீழ சொட்டுது எண்டுறன்.”

“சொட்டுறது எப்பவும் கீழதான் நானா. மேல பார்த்துச் சொட்டினாக் கூப்பிடுங்கோ, கடையைப் பூட்டிப்போட்டு ஓடி வாறன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், சாட்சிக்கு ஆள் தேடுகிறவர்போல. “பாத்தீங்களா தங்கச்சி? ஊரில கடை வெச்சவனெல்லாம் சாமான் விக்கிறான். இவ விசாரணை நடத்துறா.”

விசாரணைக்காரி கதிரையில் அசையாமல் இருந்தார். பூப்போட்ட சோட்டி என்கிற வீட்டுக் கவுன், அதற்குக் கீழே ஆண்கள் அணியும் காற்சட்டை, அதற்கு மேலே முழுக்கைச் சேட், சேட்டின் பையில் ஒரு சின்ன ரோச் லைட். நரைத்த கொண்டையில் பென்சில். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஆணிகள். ஆணி ஒவ்வொன்றிலும் கறுப்பு றப்பர் வளையங்கள். எஞ்சினுக்குள் எண்ணெய் ஒழுகாமல் காவல் காக்கும் சீல்கள் அவை. பிள்ளையின் மோதிரத்திலிருந்து பெரிய மனிதரின் காப்பு வரை எல்லா அளவிலும் தொங்கின. திருவிழாக் காலத்து வளையல் கடையை யாரோ கறுப்பு மையில் முக்கி எடுத்ததுபோல இருந்தது. அத்தனையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூட எடுத்துத் தர மனமில்லாமல் அவர் இருந்தார்.

வந்தவர் ஒழுகும் இடத்தைக் காட்ட வேண்டும். காட்டினால்தான் சீல். அவர் பெயர் கடைப் பலகையிலே இருந்தது. ஒருவரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை; வொசர் என்கிற வாஷர் வளையம் விற்பதால் எல்லோருக்கும் வொசரக்கா. நானும் இங்கே சொல்லவில்லை.

நான் போனதும் ஒரு சீலுக்காகத்தான்.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் மெலிந்துபோனது. நிற்கும், நடக்கும், ஆனால் எதையும் அழுத்தச் சொன்னால் அழுத்தாது. அதனால் அப்பா கொழும்பெல்லாம் அலைந்து, கிளச் இல்லாத கார் ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். என்னைவிட வயதில் மூத்த கார். நீள மூக்கு, வெளிறிய பச்சை நிறம், கதவைச் சாத்தினால் தேக்கு அலுமாரி சாத்துகிற ஓசை. கியர் தானாகவே மாறும். வலது கால் ஒன்று போதும். அந்தக் காரில்தான் உவர்மலை வீட்டிலிருந்து குச்சவெளிப் பள்ளிக்கூடத்துக்குப் பதினெட்டு வருடம் போய் வந்தேன். கரையோர பஸ்ஸின் முதற்படி என் முழங்கால் உயரம். கண்டக்டர் கைகொடுப்பார், பின்னால் நிற்பவர் தள்ளிவிடுவார், இறங்கும்போது யாரோ “பார்த்து, பார்த்து” என்பார். காரில் ஒருவரும் எனக்குப் ‘பார்த்து’ சொல்வதில்லை. நிலாவெளி தாண்டிக் கடல் வலது பக்கம் திறக்கும் இடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு நான் பாட்டுக்குப் போவேன்.

பெற்றோல் இல்லாத மாதங்கள் வந்தன. கார் முற்றத்தில் நின்றது. பிறகு மெல்ல மெல்லப் பெற்றோலும் வந்து, பள்ளிக்கூடம் முழுநாளும் நடக்கப் போகிறது என்ற அறிவித்தலும் வந்த வாரத்தில், காருக்குக் கீழே சிவப்பாக ஒரு சொட்டைக் கண்டேன். அடுத்த நாள் அது உள்ளங்கை அளவு. அதற்கடுத்த நாள் யாரோ சர்பத் போத்தலைத் தட்டிவிட்டதுபோல்.

அண்ணா ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், முன் சீல் போய்விட்டது என்றார். எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில், உள்ளே ஆழத்தில் இருப்பது முன் சீல். அதை மாற்றப் பெட்டியையே இறக்க வேண்டும். இந்த வயதுப் பெட்டியை இறக்கினால் திரும்ப ஏறுமென்பதற்கு உத்தரவாதமில்லை. உள்ளே ஏதும் உடைந்தால் நாட்டுக்குள் சாமான் இல்லை. வெளியிலிருந்து வருவதும் நின்றுபோன காலம். ஆகவே இறக்குகிற கையோடு கிளச் வைத்த சாதாரணப் பெட்டி ஒன்றை ஏற்றிவிடலாம், அவரிடமே ஒன்று கிடக்கிறது.

“பிறகு நான் ஓடுறன்,” என்றார் அண்ணா. “காலமை கொண்டே விடுறன், பின்னேரம் வந்து ஏத்துறன். உனக்கு என்ன கஷ்டம்?”

அண்ணா நல்லவர். அதுதான் எனக்குப் பயம். கெட்டவரென்றால் சண்டை பிடிக்கலாம். காலை ஏழு மணிக்கு அவருடைய கடைக்குச் சீமெந்து லொறி வரும். மழைநாளில் ஒரு தொலைபேசி அழைப்பு வரும்: ‘இண்டைக்கு மட்டும் லீவு போடன்.’ நான் உடுத்து வெளிக்கிட்டுக் கைப்பையோடு வாசற்கதிரையில் காத்திருப்பேன். இரண்டு மிதி இருந்தால் நான் போகிறேன். கிளச்சும் சேர்ந்து மூன்று மிதி வந்தால் என்னைக் கொண்டுபோகிறார்கள்.

பள்ளிக்கூடம் தொடங்கும் திங்கட்கிழமை காலை காரை எடுத்துப்போக இழுவை லொறி வருமென்று அண்ணா நாள் குறித்துவிட்டார். இடையில் பதின்மூன்று நாட்கள். முன் சீல் ஒன்று கையில் கிடைத்தால் மெக்கானிக்கின் மனதை மாற்றலாமென்ற நப்பாசையில்தான் நான் அந்தக் கடைப்படி ஏறினேன்.

“முன் சீல் வேணும் அக்கா,” என்றேன். கார் விபரம் சொன்னேன். மெக்கானிக் சொன்ன எல்லாவற்றையும் பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னேன்.

“ஆர் கண்டது?”

“மெக்கானிக்.”

“கண்ணாலயா?”

“அது… பெட்டி இறக்காமல் பார்க்க ஏலாதாம். தன்ர அனுபவத்தில சொன்னவர்.”

“அனுபவத்துக்கு நான் சீல் விக்கிறதில்லை, பிள்ளை.”

மூதூர்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கண்டாரோ என்னவோ, வொசரக்கா எழுந்து, கடையைப் பூட்டக் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தத் தொடங்கினார். “எந்த வீடு? உவர்மலையோ? நீ முன்னால போ. நான் நடந்து வாறன்.”

பகல் பதினொரு மணி. கடை திறந்திருக்க வேண்டிய நேரம்.

இது அவருடைய வழக்கமென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விற்க மறுத்தால், மறுக்கப்பட்டவரின் பின்னாலேயே போவது. அதற்கும் ஒரு கதை இருந்தது. சொன்னவர் அந்த மூதூர்க்காரர். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரிக் கேட்டு, இதே மாதிரி மறுக்கப்பட்டு, கோபத்தில் வேறெங்கோ ஒரு சீலை வாங்கி, தன் ஊகப்படி ஓர் இடத்தில் அடித்துப் பூட்டிக்கொண்டு அவர் கடலுக்குப் போயிருக்கிறார். எண்ணெய் முழுதும் வடிந்து, எஞ்சின் இறுகி, ஒன்றரை நாள் மிதந்திருக்கிறார். கண்டெடுத்துக் கட்டியிழுத்து வந்தது வேறொரு படகு. அவருடைய மனைவியின் ஆட்கள் கடைக்கு வந்து கத்தியிருக்கிறார்கள்: ‘ஒரு சீலைக் குடுத்திருந்தா என்ன குறைஞ்சிரும் உங்களுக்கு?’

“அவ என்ன சொன்னவ?” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்ற. எல்லாரும் கத்தி முடியுமட்டும் இருந்தா. முடிஞ்ச பிறகு கேட்டா, ‘கடைசியில எங்க ஒழுகினது?’ எண்டு.”

ஒன்றரை நாள் தண்ணீரில் கிடந்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா அது? பிடிவாதத்துக்கும் ஈவிரக்கமின்மைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையில் உள்ளவளவா?

“பிறகும் ஏன் நானா அவவிட்டயே போறீங்கள்?”

அவர் என்னை விளங்காதவர்போலப் பார்த்தார். “அடுத்த நாள் காலையில துறைக்கு வந்து என்ட படகுக்குள்ள குப்புறப் படுத்தது ஆரு? நாலு மணித்தியாலம். கண்டுபிடிச்சுக் காட்டிப்போட்டுத்தான் எழும்பினா. சோட்டியெல்லாம் கிறீஸ். அண்டையில இருந்து ஒருத்தரையும் சும்மா மறுத்து அனுப்பினதில்ல.”

ஏன் வொசரக்கா இப்படியானார் என்று ஒரு நாள் அவரிடமே கேட்டேன். யாரோ எங்கேயோ தவறாகக் கணித்ததால் எதையாவது இழந்திருக்க வேண்டும், கணவனையோ பிள்ளையையோ. என் மனம் அதற்குள் அரைப் பக்கம் எழுதி முடித்திருந்தது. அவர் எஞ்சின் பொருத்துகளுக்கு வைக்கும் கஸ்கெற் தாளில் வட்டம் வெட்டிக்கொண்டிருந்தார். சுத்தியலை நிறுத்தாமல் சொன்னார்: “கண்ட இடத்தில காரணத்தை எழுதாத, பிள்ளை. எனக்குச் சின்னனிலயே குணம் இதுதான்.”

இப்போது அவர் மட்டக்களப்பில் மகளோடு இருக்கிறார். தொலைபேசியில் சுகம் விசாரித்தால் அவர்தான் என்னை விசாரிப்பார். எனக்குத் தலையிடி என்றால், “எந்தப் பக்கம்?” வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்றால், “எந்தக் காத்துக்கு?” அண்ணாவோடு மனவருத்தம் என்றால், “எந்தக் கதையில தொடங்கினது?”

கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கு அவர் மலையேறி வந்தபோது அக்குளில் ஒரு சுருள் இருந்தது. போன வருடங்களின் பெரிய நாட்காட்டித் தாள்கள், பின்பக்கம் வெள்ளை. சாக்கை விரித்து, காருக்குக் கீழே மல்லாந்து படுத்து, உள்ளேயிருந்து கையை நீட்டினார்.

“வா.”

“நான் எப்பிடி அக்கா? எனக்குக் கால்…”

“படுத்த பிறகு கால் ஆருக்குத் தேவை?”

நாற்பத்தெட்டு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. படுத்தேன். ஊர்ந்தேன். காருக்குக் கீழே வேறொரு நாடு இருந்தது: குழாய்கள், முடிச்சுகள், பழைய சேறு, ஒரு சிலந்தி. அவர் சிவப்புச் சொட்டை விரலில் தொட்டு, முகர்ந்து, என் மூக்கடியில் நீட்டினார். “கருகல் மணக்குதோ?”

“இல்லை.”

“பெட்டி சாகேல்லை. எங்கயோ வேர்க்குது. அவ்வளவுதான் இப்ப தெரியும்.”

தாள்களை விரித்து, நான்கு சில்லுகளும் நிற்கும் இடத்தைப் பென்சிலால் தாளில் குறித்தார். மூன்று நாள் அசைக்கக் கூடாது என்றார். மூன்று நாள்! எனக்கோ பதின்மூன்று நாட்களும் சில்லறைபோல உருண்டுகொண்டிருந்தன. நான் பொதுவாகவே ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவள். அந்த மூன்று நாளும் முற்றத்தில் அலைந்தேன், தாளை எட்டிப் பார்த்தேன், கிணற்றடிக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

மூன்றாம் நாள் சிவப்பு வட்டம் முன்பக்கத்தில்தான் இருந்தது. எஞ்சினும் பெட்டியும் சேரும் இடத்தில் மணியைக் கவிழ்த்ததுபோல ஒரு மூடி இருக்கிறது. மிகச் சரியாக அதற்கு நேர்கீழே. மெக்கானிக் சொன்ன அதே இடம். அண்ணா வந்து பார்த்து, “நான் சொல்லேல்லையா?” என்றார். அதில் வெற்றி இல்லை, கவலைதான் இருந்தது. அது இன்னும் மோசம்.

“இது விழுந்த இடம்,” என்றார் வொசரக்கா. “பிறந்த இடத்தைத்தானே நான் கேட்டனான்.”

“விழுற இடத்துக்கு மேலதானே அக்கா பிறக்கும்?” என்றார் அண்ணா.

வொசரக்கா வாசற் படலையடிக்குப் போனார். தெருவை மேலும் கீழும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார், நாங்கள் பிறந்து வளர்ந்த தெருவைப் பற்றி, எங்கள் வாழ்நாளில் யாருமே கேட்காத கேள்வி.

“ஏன் இந்தத் தெருவில எல்லா வாகனமும் மூஞ்சியை றோட்டுப் பக்கம் வைச்சுக்கொண்டு நிக்குது?”

பார்த்தேன். எதிர்வீட்டு வான். மூலைவீட்டு லொறி. மேல்வீட்டுப் பிள்ளையின் மோட்டார் சைக்கிள்கூட. எல்லாம் படலையைப் பார்த்தபடி. எங்கள் காரும்.

சொல்ல வேண்டியிருந்தது. போர் நடந்த பிரச்சினைக் காலத்தில் தொடங்கிய பழக்கம். எப்போது எழுந்து ஓட வேண்டி வருமோ தெரியாது; அந்த நேரத்தில் பின்னுக்கு எடுத்துத் திருப்ப நிமிடம் இராது. என்னைத் தூக்கிப் பின்சீற்றில் போடுவதற்கே அப்பாவுக்கு நேரம் வேண்டும். ஆகவே எந்த நேரமும் வாகனத்தின் மூக்கு வெளியே. பிறகு கடல் ஏறி வந்த காலத்தில் அந்தப் பழக்கம் இன்னும் இறுகியது. இப்போது யாரும் எங்கும் ஓடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து, பின்னுக்கு எடுத்து, திருப்பி, மூக்கை வெளியே வைத்துவிட்டுத்தான் இறங்குகிறோம். நேற்று கார் வாங்கியவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஏனென்று அவர்களுக்குத் தெரியாது.

“உங்களுக்கு மட்டும் எப்பிடிக் கண்ணில பட்டது?”

“என்னட்ட வாகனம் இல்லையே. நடக்கிறவளை எல்லாம் முறைச்சுப் பார்க்குது.” முற்றத்தைச் சுட்டினார். மலைச்சரிவு. படலைப்பக்கம் பள்ளம். “உங்கட கதை எனக்கு விளங்குது. எண்ணெய்க்கு அந்தக் கதை தெரியாது. அது பள்ளத்துக்கு ஓடும். எங்க பிறந்தாலும் முன்னுக்கு ஓடி வந்து, அந்த மூடியின்ர விளிம்பில நிண்டுதான் விழும். பார்க்கிறவன் முன் சீல் எண்டுதான் சொல்லுவான். காரைத் திருப்பு.”

சின்ன வேலை. முன்னுக்கு எடுத்து, வெளியே போய், மூக்கால் உள்ளே வர வேண்டும். அப்பாவின் செத்தவீட்டன்றும் மூக்கை வெளியே வைத்து நின்ற கார். வீட்டைப் பார்த்தபடி அதை நிறுத்தி இறங்கியபோது, நடுமுற்றத்தில் கதவைப் பூட்டிவிட்டு நிற்பதுபோல இருந்தது எனக்கு. அண்ணா படலையைப் போய் ஒருதரம் திறந்து மூடினார்.

மறுபடி தாள். மறுபடி மூன்று நாள். இம்முறை சிவப்பு வட்டம் இடம் பெயர்ந்திருந்தது. மூடிக்குக் கீழே தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்டியின் பின்மூலைக்குக் கீழே இரண்டு வட்டம்.

“முன் சீல் எண்டா,” என்றார் அவர், வழக்கமில்லாத வேகத்தோடு, “எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த மூடிக்குள்ளதான் முதல் நனையும். அது காஞ்சு கிடக்கு.”

நான் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். “பொறு. எது இல்லை எண்டுதான் தெரியும். எது எண்டு தெரியாது.”

அடியைக் கழுவிக் காயவைத்துத்தான் மிச்சம் பார்க்க வேண்டும். கழுவ மண்ணெண்ணெய் வேண்டும். அதுவோ கடற்தொழில் ஆட்களுக்கே வரிசையில் நின்று அளந்து கொடுத்த காலம். மூதூர்க்காரர் ஒரு போத்தல் கொண்டுவந்தார். மேலே நான் சொன்ன கதையை எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான். போகும்போது காருக்குக் கீழே தெரிந்த நான்கு பாதங்களைப் பார்த்துச் சொன்னார்: “ஒண்டுக்கு ரெண்டு விசாரணைக்காரி. இனி ஊர் உருப்படும்!”

பழைய பல்தூரிகையால் நான்தான் கழுவினேன். துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, பிள்ளைகளுக்குப் பூசும் பவுடரை வொசரக்கா உள்ளங்கையில் கொட்டி மெல்ல ஊதினார். பெட்டி முழுக்க வெள்ளை பூத்தது. குளித்துப் பவுடர் போட்ட குழந்தைபோல அது கிடந்தது. மூன்று நாள் கழித்து ரோச் லைட்டை அடித்தபோது அந்த வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு கண்டோம். மயிரளவு. கியர்த் தடியின் அச்சு பெட்டிக்குள் நுழைகிற ஓட்டையில் அது தொடங்கி, பக்கவாட்டில் இறங்கி, பின்னுக்கு ஓடியது.

“இந்தா,” என்றார். “தெருவும் நம்பரும்.”

அவர் விளக்கியதை எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். ஓடும்போது எண்ணெயின் பெரும்பகுதி முன்னாலுள்ள உருளையில் ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்தி நாட்கணக்கில் விட்டால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பெட்டிக்குள் மட்டம் உயரும். வழக்கமாக எண்ணெய்க்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன ஓட்டை எண்ணெய்க்குள் மூழ்கும். அங்கே இருந்த சீல் வறண்டு போயிருந்தது. தினமும் ஓடிய காலத்தில் அதன் குறை தெரியவில்லை. மாதக்கணக்கில் நின்றபோதுதான் தெரிந்தது.

“அப்ப, நிண்டதுதான் அக்கா வருத்தம்!” என்றேன், ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்தவள்போல. “ஓடிக்கொண்டே இருந்தா ஒழுகாது!”

“ஓடினவள் ஒரு நாளைக்கு நிக்கத்தானே வேணும்? சும்மா கதையாத. சீலைப் போடுவம்.”

சனிக்கிழமை அவர் கடைச்சுவரில் கைவைத்து, பார்க்காமலே ஓர் ஆணியிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றினார். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது. பெட்டியை இறக்கவில்லை, வெளியிலிருந்தே வேலை. முதலில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார், எண்ணெய் மேலே ஏறட்டுமென்று. நிறுத்தியதும் கீழே புகுந்து தடியைக் கழற்றி, பழைய சீலை நெம்பி எடுத்து என் கையில் தந்தார். இரண்டு விரலால் அழுத்தினேன்; அப்பளம்போல நொறுங்கியது. இதற்காகவா என் காரின் வயிற்றைக் கிழிக்கப் பார்த்தார்கள்? புதியதை எண்ணெய் தொட்டு வைத்து, குழாய்த்துண்டு ஒன்றால் மூன்று தட்டு.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு இழுவை லொறி வந்தது. அண்ணா முன்சீற்றில் இருந்து இறங்கினார். நான் சேலை கட்டி, கைப்பையும் பாடப் புத்தகங்களும் காரில் வைத்து, ஆயத்தமாக நின்றேன். வொசரக்கா காருக்குக் கீழே படுத்திருந்தார்.

அண்ணா குனிந்து கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார். “வொசரக்கா, இனி ஒழுகாது எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் லொறியைத் திருப்பி அனுப்புறன்.”

ஒரு சொல். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பதின்மூன்று நாளும் சேர்ந்து அந்த ஒரு சொல்லின் முன்னால் வந்து நின்றன. அவர் வெளியே ஊர்ந்து வந்து, எழுந்து, சோட்டியைத் தட்டினார்.

“சொல்லமாட்டன்.”

“ஏன்? ஒழுகுதோ?”

“இல்லை. காஞ்சிருக்கு. ஆனா சீல் போட்டு ரெண்டு நாள்தான். மூண்டு நாள் நிண்டாத்தான் மட்டம் ஏறும். பார்க்காததை எப்பிடித் தம்பி சொல்லுறது?”

“பாத்தியோ?” என்றார் அண்ணா என்னிடம், மெதுவாக. “அவவுக்கே நம்பிக்கை இல்லை. இருபது மைலுக்கு மேல. நடுறோட்டில நிண்டா ஆர் உன்னைத் தூக்குறது?”

எனக்கு அந்த மனுசி மேல் வந்த கோபம்! ஒரு பொய்கூட வேண்டாம். ‘இருக்கும்’ என்று ஒரு அரைச்சொல் சொல்லியிருக்கலாம். கடலில் மிதந்தவரிடம் கேள்வி கேட்ட அதே முகம். லொறிக்காரர் சங்கிலியை இறக்கத் தொடங்கினார். இரும்பு முற்றத்துக் கல்லில் உரசியது.

யாரும் சொல்லப் போவதில்லை என்பது அந்த ஓசையில்தான் எனக்கு விளங்கியது. மெக்கானிக் பார்க்காமலே சொன்னார். அண்ணா பயத்தால் சொன்னார். இவர் பார்த்ததற்கு மேல் ஒரு சொட்டும் சொல்ல மாட்டார். மிச்சம் இருந்தது நான். அந்தச் சிவப்புக் கோடு கண்டவள் நான். நொறுங்கிய சீலைக் கையில் வைத்திருந்தவள் நான்.

“சங்கிலியை எடுங்கோ,” என்றேன். “நான் போறன்.”

“தங்கச்சி…”

“நடுறோட்டில நிண்டா நான் உங்களைத்தான் கூப்பிடுவன் அண்ணா. அப்ப வாங்கோ. இப்ப லொறியை விலத்தச் சொல்லுங்கோ.”

அண்ணா தானே போய்ச் சங்கிலியைச் சுருட்டினார்.

பின்னுக்கு எடுத்து வெளியேறி, மலையிறங்கி, உப்புவெளி தாண்டினேன். கியர் எப்போதும்போல வழுக்கி மாறியது. நிலாவெளியில் கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் ஓர் ஓட்டோ. விலகி வழிவிட்டேன், முந்தவில்லை. வேகம் கூட்டினேன், அதுவும் கூட்டியது. அதன் பக்கவாட்டில் ஒரு தலை பாதி வெளியே நீட்டிக்கொண்டு, கொண்டையில் பென்சில் குத்திக்கொண்டு, றோட்டையே பார்த்து வந்தது.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நிறுத்தினேன். ஓட்டோவும் நின்றது.

“என்னக்கா இது? நம்பிக்கை இல்லையெண்டு சொல்லிப்போட்டு ஏன் பின்னால வாறீங்கள்?”

“நம்பிக்கை இல்லையெண்டு ஆர் சொன்னது? பார்க்கேல்லை எண்டுதான் சொன்னனான்.” அவர் மடியில் ஒரு சிவப்பு எண்ணெய்க் கான், சீல்கள் கோத்த கம்பி, சுருட்டிய சாக்கு. “முன்னுக்கு இருந்து ஓடுறவளுக்குக் கீழ என்ன விழுது எண்டு தெரியாது. பின்னுக்கு வாறவளுக்குத்தான் தெரியும். றோட்டைப் பார்த்துக்கொண்டு வாறன். நீ போ. பிரேக்கை அடிக்கடி பிடியாத.”

ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்து முறையிட்டார். “ரீச்சர், உவர்மலையில ஏறினவ, இவ்வளவு தூரமும் ‘மெல்ல, மெல்ல, அந்தக் கறுப்பு என்ன’ எண்டு கேட்டுக் கேட்டு என்ர உயிரை எடுக்கிறா. அது மாட்டுச் சாணி எண்டு மூண்டு தரம் இறங்கிக் காட்டினனான்.”

“ரெண்டு தரம்,” என்றார் வொசரக்கா.

மிச்சத் தூரத்தை நான் எப்படி ஓடினேன் என்று எழுத வரவில்லை. வலது பக்கம் கடல் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அந்தத் தலையைத்தான் பார்த்தேன். றோட்டின் ஒவ்வொரு முழத்தையும் அவர் கண்ணால் தடவிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கி, சாக்கை விரித்து, மணலில் மல்லாந்து உள்ளே போனார். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். காவலாளி வந்து, “ஆர் ரீச்சர் இது?” என்றார். சோட்டிக்குக் கீழே காற்சட்டைக் கால்கள் இரண்டு அசையாமல் கிடந்தன. ரோச் வெளிச்சம் உள்ளே நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது.

வெளியே வந்து மணலைத் தட்டினார்.

“இருபது மைல் றோட்டிலயும் ஒரு சொட்டு இல்லை. கீழயும் இல்லை.”

“அப்ப சரிதானே அக்கா?”

“ஓடினதுக்குச் சரி. நிக்கிறதுக்கு, வெள்ளி பின்னேரம் நிப்பாட்டித் திங்கள் காலமை பார்ப்பம். அதுவரைக்கும் ஓடு.” சாக்கைச் சுருட்டி ஓட்டோவுக்குள் எறிந்துவிட்டு, ஏறப் போனவர் திரும்பினார். காருக்குள் சிந்திக் கிடந்து என் சேலைக்கரையில் ஒட்டியிருந்த பவுடரைக் கையால் தட்டிவிட்டார். “பிந்திப்போகுது. பிள்ளைகள் நிக்குதுகள். போ.”

ஓட்டோ திரும்பித் தெற்கே போனது. மணி அடித்தது. முதற்பாடம் என்னுடையது, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.